சின்னமாமாவுக்கு எந்த முகம் வைக்கிறது? விஷுவல் நாவல் செய்யத் தொடங்கிறவைக்கு ஒரு சின்ன வரலாறு

என்ர முதல் விஷுவல் நாவல் பாதியிலேயே நிண்டு போச்சு. கோடிங்கால இல்லை, ஒரு முகத்தால.

விஷுவல் நாவல் எண்டா திரையில ஒரு பின்னணிப் படம், அதுக்கு மேல பாத்திரங்கள், கீழ உரையாடல். இடைக்கிடை நீங்கள் ஒரு தெரிவு செய்ய, கதை அந்தப் பக்கம் திரும்பும். எனக்குப் படம் கீற வராது. அதால கீறத் தெரியாத கனபேர் போற வழியிலதான் நானும் போனன். டாஸ் ஸ்டூடியோவில ஆயத்தமா இருக்கிற முப்பரிமாண உருவத்தை எடுத்து, நிக்க வச்சு, வெளிச்சம் போட்டு, ரெண்டர் பண்ணிப் படமாக்கிறது.

அம்மம்மாவை ஒரு மாதிரிச் செய்துபோட்டன். சின்னமாமாவைத்தான் செய்யேலாமல் போச்சு. நான் பிறக்க முதலே அவர் இல்லை. வீட்டில அவற்ற ஒரு படமும் இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அல்பம் அலுமாரிக்குள்ளயே நிண்டுட்டுது. நான் செய்த முகத்தைப் பாத்திட்டு அம்மா "ஆர் இது?" எண்டு மட்டும் கேட்டா.

அதுக்குப் பிறகுதான் இந்த வடிவத்தின் வரலாற்றைத் தேடி வாசிச்சன்.

அதே 1995இல்தான் போசர் என்ற மென்பொருள் வெளிவந்தது. ஓவியர்கள் மேசையில் வைத்துப் பார்த்துக் கீறும் மரப்பொம்மைக்குப் பதிலாகவே லாரி வைன்பர்க் அதை உருவாக்கினார். உடம்பு எப்படி நிற்கும், எப்படி வளையும் என்று பார்ப்பதற்கான கருவி அது. போசருக்கு உருவங்கள் செய்து விற்ற டாஸ், பிறகு தன் சொந்த மென்பொருளையே இலவசமாக விட்டது. முகம், தலைமயிர், உடுப்பு எல்லாம் கடையில வாங்கிற சாமானாகிப் போச்சு.

ஆனால் விஷுவல் நாவல் முகங்களை நம்பி மட்டும் வளரவில்லை. ஜப்பானில் சுன்சொஃப்ட் நிறுவனம் 1992இல் 'ஒடோகிரிசோ'வை வெளியிட்டது. பின்னணி, சத்தம், எழுத்து இவைதான் அதன் பலம். 1994இல் அவர்களே 'கமைடாச்சி நோ யோரு'வைக் கொண்டுவந்தார்கள். பனிமலை விடுதி ஒன்றில் நடக்கும் கொலைக்கதை. பின்னணிகள் உண்மையான புகைப்படங்களிலிருந்து வந்தவை, பாத்திரங்களோ வெறும் நீல நிழல்கள். முகத்தை வாசிக்கிற ஆளே மனசில போட்டுக்கொள்ள வேணும்.

எதிர்ப்பக்க உதாரணம் எங்களுக்குக் கிட்டவே இருக்கு. 2014இல் வந்த 'கோச்சடையான்'. ஊருக்கே மனப்பாடமான ரஜினியின் முகத்தைப் பெரிய குழு ஒன்று கணினியில் செய்தும், பொம்மை மாதிரி இருக்கு எண்டு கனபேர் சொல்லிச்சினம். தெரிஞ்ச முகத்துக்கே அந்தக் கதியெண்டா, படமே இல்லாத சின்னமாமாவுக்கு?

இன்னொரு பக்கம், ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023இல் 'வெண்பா'வை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தட்டையான ஓவியங்கள்தான், ரெண்டர் இல்லை. அதில் வரும் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் பழுதாகி, சில வரிகள் அழிந்து கிடக்கும். அந்த இடைவெளியை நிரப்புவதுதான் விளையாட்டே. தொலைஞ்சதை மறைக்காமல் கதைக்குள்ளயே வச்சிருக்கினம். 2024இல் அதற்கு பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருது கிடைத்தது.

இதில இருந்து தொடங்கிறவைக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ரெண்டர் நல்லாத் தாறது உடம்பும் வெளிச்சமும் நிழலும். அதிகம் சறுக்கிறது முகத்தில. அதால முதுகு, கை, வாசலில விழுற நிழல் இவையளை வச்சுத் தொடங்குங்கோ. பின்னணிக்கு உங்கட விறாந்தையையே ஃபோனில படமெடுங்கோ. ரெண்டு பாத்திரம், ஒரு வீடு, பத்து நிமிசக் கதை முதல் முயற்சிக்குக் காணும். ஒருக்கா ரெண்டர் பண்ணின படத்தைத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம், பழைய லப்டொப்பும் தாங்கும். கதையை ஓட்ட ரென்பை இருக்கு. 2004இல் இருந்து இலவசம். ஆனா 2023இல் வந்த 8.1 அல்லது அதுக்குப் பிறகான பதிப்பை எடுங்கோ. முந்தினதுகளில 'கொ', 'கோ' எல்லாம் உடைஞ்சு சிதறும்.

நான் சின்னமாமாவின்ர முகத்தை அழிச்சிட்டன். படலையடியில, பின்னேர வெயிலுக்கு எதிர்ப்பக்கமா, சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற ஒரு கறுத்த நிழல் மட்டும். சரியான சாரம் கிடைக்காமல் நீட்டுப் பாவாடை ஒண்டைத்தான் உடுத்திவிட்டன். நிழலில ஆருக்குத் தெரியப்போகுது எண்டு நினைச்சன்.

அம்மாவுக்குக் காட்டினன். இந்தமுறை ஆர் எண்டு கேக்கேல்லை. கொஞ்ச நேரம் பாத்திட்டுச் சொன்னா, "சாரத்தை அவன் இப்பிடி விடமாட்டான். மடிச்சுக் கட்டித்தான் நிப்பான்."

திருத்திக்கொண்டிருக்கிறன்.