மலை மறித்த மழை

ஆனி, ஆடி மாதங்களில் அரபிக்கடலின் ஈரத்தையெல்லாம் சுமந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவில் மோதி, மேலேறி, ஏற ஏறக் குளிர்ந்து, பீர்மேட்டுப் பிரதேசத்தில் அகோராத்திரமும் மழையாகப் பொழிகிறது. அதே காற்று சிகரங்களைக் கடந்து கிழக்கே இறங்கும்போதோ உஷ்ணமேறி உலர்ந்து, கம்பம் பள்ளத்தாக்கில் சிறு சாரலை மட்டும் தூவிவிட்டு, மதுரைச் சீமையில் வெறுங்காற்றாகப் புழுதி கிளப்புகிறது. மேற்கே ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை காணும் இடங்கள் இருக்க, மதுரைக்குக் கிடைப்பது சுமார் 850 தான். அதிலும் கணிசமான பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றின் தயவால் வருவது. அது பொய்த்தால் கண்மாய்க்குக் கதியில்லை.

இந்த அநியாயத்தைக் கண்டு மனம் நொந்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். ஆனால் பரிகாரம் தேடியவராக நாம் அறியும் முதல் மனிதர், வைகையின் கடைமடையாகிய இராமநாதபுரத்தில் சேதுபதியின் பிரதானியாக இருந்த முத்து இருளப்ப பிள்ளை. மேற்கே ஓடி வீணே கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப இயலுமா என்று ஆராய, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் ஆட்களை மலைக்கு அனுப்பினார். நிலப்படமும் அளவைக் கருவியும் பெரிதாக இல்லாத காலத்தில், யானையும் விஷக்காய்ச்சலும் நிறைந்த அந்த வனத்துக்குள் புகுந்து திரும்பிய அவர்கள், காரியம் சாத்தியமே என்று கண்டார்கள். பொருள்தான் இல்லை. சமஸ்தானத்தின் பொக்கிஷம் அதற்குப் போதவில்லை. யோசனை அப்படியே நின்றது.

பிறகு வந்த ஆங்கிலேயரின் கதை நீண்டது. 1808இல் இடத்தைப் பார்த்த கால்டுவெல் என்னும் அதிகாரி இது ஆகாத காரியம் என்று தள்ளினார். 1850இல் தொடங்கிய வேலையும் கைவிடப்பட்டது. லட்சக்கணக்கான உயிர்களைப் பலிகொண்ட 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பிறகே அரசாங்கம் உறுதியாக அசைந்தது. 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தாகி, மறு ஆண்டு பென்னிகுவிக் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் வேலையைத் தொடங்கினார். எழுப்பிய அணைப்புகளை வெள்ளம் அடித்துப்போக, மலேரியாவால் கூலியாட்கள் மாண்டுகொண்டிருக்க, சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் அணை எழுந்தது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் கிழக்கே இறங்கிச் சுருளியாற்றையும் வைகையையும் அடைந்தது. 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார்.

மலை மறித்த மழையை மலையின் வயிற்றைத் துளைத்தே மீட்ட இந்தச் சாதனைக்காகக் கம்பம் பள்ளத்தாக்கின் உழவர்கள் பென்னிகுவிக்கைத் தெய்வமாகவே போற்றி, அவர் பிறந்த நாளில் பொங்கலிடுகிறார்கள். அது முற்றிலும் தகும். ஆயினும், கஜானா காலியாயிருந்த காரணத்தால் அணை கட்ட இயலாமற்போன அந்தப் பிரதானியின் பெயரும், மலைக்காய்ச்சலில் மாண்ட கூலியாட்களின் நினைவும் அந்தப் பொங்கலில் இடம்பெற வேண்டும். பள்ளத்தாக்கு மக்கள் இதைச் செய்வார்களாக.