ஆனர்ஸ் வருஷமும் எங்கள் லயத்துக் கணக்கும்

பொருளாதாரத் துறையின் பழைய கதை ஒன்றை மலருக்கு எழுதித் தரும்படி சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். பழைய கதை என்றதும் நினைவுக்கு வருவது எங்கள் பேராசிரியர் அடிக்கடி சொல்லும் "ஆனர்ஸ் வருஷம்"தான். நான் இங்கே எம்.ஏ. படித்தது 1983 முதல் 1985 வரை. அவர் சென்னையில் ஆனர்ஸ் படித்துத் தேறியவர். யாராவது நோட்ஸை மனப்பாடமாக ஒப்பித்தால், "ஆனர்ஸ் வருஷத்துல இப்படிச் சொல்லியிருந்தா வெளியே நிக்க வெச்சிருப்பாங்கப்பா" என்பார்.

இன்றைய மாணவர்களுக்காகச் சிறு விளக்கம். அந்நாளில் பள்ளி முடித்தபின் இரண்டாண்டு இண்டர்மீடியட். அதன்பின் இரண்டாண்டு படித்தால் பி.ஏ.; மூன்றாண்டு ஒரே துறையில் ஆழ்ந்து படித்தால் பி.ஏ. ஆனர்ஸ். ஆனர்ஸ் தேறியவர்கள் பின்னர் தனித்தேர்வு எழுதாமலே எம்.ஏ. பட்டம் பெறலாம். பேரறிஞர் அண்ணா பச்சையப்பன் கல்லூரியில் படித்து 1934ல் தேறியதும் ஆனர்ஸ்தான். 1950களின் பிற்பகுதியில் புகுமுக வகுப்பும் மூன்றாண்டுப் பட்டப்படிப்பும் வந்தபோது பழைய ஆனர்ஸ் மறைந்தது.

ஆனால் அந்தப் படிப்பின் உயிர் தேர்வில் இல்லை என்பார் பேராசிரியர். அதற்கு அவர் காட்டும் சான்று கில்பர்ட் ஸ்லேட்டர். ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்கள் படித்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1915ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். இங்கிலாந்துப் பாடப்புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த நாட்டைப் புரிந்துகொள்ள முடியாது என்று கண்டார். மாணவர்கள் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊரை ஆராய்ந்து வரச் சொன்னார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் யாருக்கு, வட்டி என்ன? இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் கணக்கு 1918ல் நூலாக வந்தது. 1936-37ல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு ஆள் அனுப்பி மறுபடி ஆராய்ந்தார்கள். 1961ல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980களில் எஸ். குகனும் ஜோன் மென்ஷரும் இருவேல்பட்டை எடுத்துக்கொண்டார்கள். 2008ல்கூட அங்கே ஆய்வு நடந்தது. மாணவர்கள் லீவில் எழுதிய கணக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பயன்பட்டிருக்கிறது!

அந்த நூலில் இருவேல்பட்டுப் பகுதியைப் படித்தபோது என் கை நின்றுவிட்டது. படியாள்களைப் பற்றிய பகுதி அது. வாங்கிய கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக நிலக்காரரிடம் கட்டுப்பட்டுக் கிடந்தவர்கள். இப்படிப்பட்ட ஊர்களிலிருந்துதானே எங்கள் பாட்டன்மார் கங்காணி பின்னால் சிலோனுக்குப் போனார்கள்! அங்கேயும் கடன்தான். "துண்டு" என்ற கடன் சீட்டு 1921ல் சட்டப்படி ஒழியும் வரை, கடனோடு சேர்ந்து ஆளும் கைமாறினான். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அந்தக் கணக்கில் வந்த ஒரு குடும்பம் எங்களுடையது. தாயகம் திரும்பியோருக்காக 1968ல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் வேலை கிடைத்து நெல்லியாளத்தில் குடியேறினோம்.

முதலாண்டு முடிந்த மே விடுமுறையில் பேராசிரியர் ஒரு தாளை நீட்டினார். "உன் ஊருக்குப் போ. முதல்ல உன் வீட்லேருந்து ஆரம்பி" என்றார்.

எங்கள் லயத்தில் ஒவ்வொரு வாசலாகப் போய் உட்கார்ந்தேன். நிலம் என்ற கட்டத்தில் எல்லா வீட்டுக்கும் பூஜ்யம். கூலிக் கட்டத்தை நிரப்ப ஸ்லேட்டரின் கேள்விகள் போதவில்லை. முழுப்பேர், அரைப்பேர் என்று தோட்டத்துக் கணக்கையே எழுத வேண்டியிருந்தது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த அம்மா, "செக்ரோல்ல எண்ணுறது பத்தாதுன்னு நீயும் எண்ண வந்துட்டியா?" என்று சிரித்தார்.

கடன் கட்டத்துக்கு வந்தோம். அம்மா பேசவில்லை. நான் திரும்பக் கேட்டேன். "தோடு அடகுல இருக்குடா" என்றார். எதற்காக என்று ஒரு கட்டம் அந்தத் தாளில் இருந்தது. அதையும் கேட்டேன். "ஒன் பரீட்சைப் பணத்துக்குத்தான். எழுதிக்க."

அதை நான் எழுதவில்லை. "குடும்பச் செலவு" என்று போட்டேன்.

கல்லூரி திறந்ததும் தாளைப் பார்த்த பேராசிரியர் என் வீட்டு வரியில் விரலை வைத்து, "மத்த வீட்டுக்கெல்லாம் கல்யாணம், வைத்தியம்னு பிரிச்சு எழுதியிருக்கே. இது மட்டும் ஏன் மொத்தமா இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அடுத்தவன் வீட்டுக் கடனை எழுதறவன் தன் வீட்டுக் கடனையும் எழுதணும்பா" என்று பேனாவை என்னிடம் கொடுத்தார். அடித்துத் திருத்தி எழுதினேன். எனக்கு ஆனர்ஸ் வருஷம் அதுதான்.

வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் தோட்டை மீட்கப் போனேன். தவணை கடந்து அது ஏலத்தில் போயிருந்தது. அம்மா அதை என்னிடம் சொல்லவே இல்லை.

2020 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் நான்காண்டு ஆனர்ஸ் மீண்டும் வந்திருக்கிறது. பெயர் எதுவானாலும் சரி, இன்று இங்கே பயிலும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற விடுமுறையில் உங்கள் தெருவை எழுதிக்கொண்டு வாருங்கள். என்னிடமிருந்த அந்தப் பழைய கேள்வித்தாளின் நகலைச் சங்கத்திடம் கொடுத்திருக்கிறேன். கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.