ஓர் உறுதிமொழியும் பத்து உறுப்பினர்களும்

விருத்தாசலத்தில் செராமிக் வேலை பார்க்கிற தம்பி ஒருவன் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றான். மனுத்தாக்கலுக்கு நானும் கூடப் போயிருந்தேன். அலுவலர் ஒரு தாளை நீட்டி உரக்க வாசிக்கச் சொன்னார். இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி. வெளியே வந்தவன், "என்னண்ணே, நானா நாட்டைப் பிரிச்சுக்கிட்டுப் போகப்போறேன்?" என்றான். பொம்மைக்கு அச்சு ஊற்றுகிறவனிடம் இதை ஏன் கேட்கிறார்கள்?

அதற்கு 1963க்குப் போகவேண்டும். முந்தைய ஆண்டு மே மாதம் மாநிலங்களவையில் அண்ணா திராவிட நாட்டுக்குத் தன்னுரிமை கேட்டார். அக்டோபரில் சீனப்போர். 1963 அக்டோபரில் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த இறையாண்மையும் ஒருமைப்பாடும் புதிய காரணங்களாயின. வேட்பாளராகும்போதே உறுதிமொழி கட்டாயமாயிற்று. திருத்தத்தில் எந்தக் கட்சியின் பெயரும் கிடையாது. குறி யாருக்கு என்பது ஊருக்கே தெரியும். தி.மு.க. அந்த ஆண்டே பிரிவினையைக் கைவிட்டது. உறுதிமொழி மட்டும் அப்படியே கிடந்தது.

1986 நவம்பரில், இந்தித் திணிப்பை எதிர்த்து, அரசியலமைப்பில் ஆட்சிமொழி பற்றிச் சொல்லும் 17ஆம் பகுதியின் நகலைத் தி.மு.க.வினர் எரித்தார்கள். கருணாநிதிக்குப் பத்து வாரம் கடுங்காவல். 1957இல் பெரியார் தொண்டர்கள் சாதி ஒழிப்புக்காக எரித்து ஆயிரக்கணக்கில் சிறை சென்றார்களே, அவர்களிடம் பறிக்கப் பதவி எதுவும் இல்லை. இவர்களிடம் இருந்தது. டிசம்பரில், பி.எச்.பாண்டியன் பேரவைத் தலைவராக இருந்த அவை, க.அன்பழகன் உள்ளிட்ட பத்துத் தி.மு.க. உறுப்பினர்களை வெளியேற்றியது. எடுத்த உறுதிமொழியை மீறினார்கள் என்பதே குற்றச்சாட்டு. வெளியேற்றிய ஆளுங்கட்சியும் அதே தி.மு.க.விலிருந்து 1972இல் பிரிந்ததுதான்! பத்துப் பேரில் எவரும் அன்று தனிநாடு கேட்கவில்லை. ஒரு மொழிக் கொள்கையை எதிர்த்தார்கள், அவ்வளவுதான். பிரிவினைவாதியை மனதில் வைத்து இறுக்கிய உறுதிமொழி, பிரிவினையை விட்டவன் கழுத்தில் விழுந்தது.

இடைநீக்கம் வேறு, நீக்கம் வேறு. முன்னதில் உறுப்பினர் சில நாள் வெளியே நிற்பார். பின்னதில் வாக்களித்த தொகுதியே பிரதிநிதி இல்லாமல் போகும். இதை நாம் போதுமான அளவு பேசவில்லை. தகுதியிழப்புக்கான காரணங்களை அரசியலமைப்பே எழுதிவைத்திருக்கிறது. அதற்கு வெளியே போய் ஒருவரை நீக்க அவைக்கு அதிகாரமுண்டா? 1977இல் ஹர்த்வாரிலால் வழக்கில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத்தின் பெரும்பான்மை 'இல்லை' என்றது. அன்பழகன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 'உண்டு' என்றது. கேள்வி கேட்கப் பணம் வாங்கிய எம்.பி.க்கள் வழக்கில், 2007 ஜனவரியில், உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு நாடாளுமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்றது. நீதிபதி ரவீந்திரன் மட்டும் மாறுபட்டார். அப்பட்டமான சட்டமீறல் இருந்தால் நீதிமன்றம் தலையிடலாம் என்று ஒரு சின்னக் கதவையும் திறந்துவைத்தது.

எனக்கு உறுத்துவது இதுதான். லஞ்சம் வாங்கியவனும் கொள்கைக்காகத் தாளை எரித்தவனும் ஒரே அதிகாரத்தின் கீழ் நிறுத்தப்படுகிறார்கள். அவைக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி முன்னே வந்து, எரிப்பு ஓர் அரசியல் பேச்சா என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. 1986ஐ வெறும் தியாக வரலாறாக வாசிக்கிற தோழர்களும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அன்று சிறுபான்மையை வெளியே தள்ளியது பெரும்பான்மையின் கையெண்ணிக்கைதானே?

1989 ஜனவரித் தேர்தலில் தி.மு.க. வென்றது. அன்பழகன் கல்வி அமைச்சரானார். பதவியேற்பில் அவர் வாசித்த தாளிலும் அதே இறையாண்மை, அதே ஒருமைப்பாடு.