கைப்பந்து ஆடும் சிறாரின் எதிர்வினை நேரமும் சுறுசுறுப்பும்: சோதனைகள் அளப்பது எதை?

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஸ்மாஷ் செய்யப்படும் பந்து, வலையிலிருந்து 7 மீட்டர் பின்னால் நிற்பவரை ஏறத்தாழ 0.32 நொடியில் வந்தடையும். கண்ணில் பட்டதற்கு உடல் அசையத் தொடங்கவே சுமார் 0.2 நொடி போய்விடும். மிஞ்சிய நேரத்தில் ஓரடி நகர்ந்து இரு கைகளையும் சேர்த்துப் பந்தை எடுப்பது அரிது. அதனால் தேர்ந்த ஆட்டக்காரர் பந்துக்காகக் காத்திருப்பதில்லை. அடிப்பவர் ஓடிவரும் கோணத்தையும் தோள் திரும்புவதையும் பார்த்தே இடம் பிடித்துவிடுகிறார். இளம் ஆட்டக்காரர்களுக்கு வழக்கமாக நடத்தப்படும் சோதனைகள் இந்தத் திறனைத் தொடுவதே இல்லை.

எளிதில் செய்யக்கூடியது நெல்சன் கை எதிர்வினைச் சோதனை. சிறுவரின் விரல்களுக்கு நடுவே இன்னொருவர் பிடித்திருக்கும் அளவுகோல் திடீரென விடப்படும். சிறுவர் அதைக் கவ்விப் பிடிக்க வேண்டும். 15 செ.மீ. நழுவினால் 0.175 நொடி, 20 செ.மீ. நழுவினால் 0.202 நொடி. இருபது முறை செய்து, மிக விரைவான ஐந்தையும் மிகத் தாமதமான ஐந்தையும் கழித்து, எஞ்சிய பத்தின் சராசரியை எடுப்பது முறை. செலவில்லாத சோதனைதான். ஆனால் இங்கே தூண்டல் ஒன்று, துலங்கல் ஒன்று. ஆட்டத்தில் செட்டர் பந்தை முன்னாலும் தூக்கலாம், பின்னாலும் தூக்கலாம், நடுவிலேயே குட்டையாகவும் கொடுக்கலாம். தெரிவுகள் பெருகப் பெருக எதிர்வினை நேரமும் நீளும் என்பதை உளவியலாளர் ஹிக் 1952-லேயே காட்டிவிட்டார். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அளவுகோலை விடுபவரின் விரல் நுனி அசைவதைப் பார்த்து முந்திக்கொள்ளும் சிறுவரின் முயற்சி சோதனையில் செல்லாது. களத்தில் அதே கண்தான் அவரை நல்ல பிளாக்கராக்கும்.

சுறுசுறுப்பை அளக்கும் டி வடிவச் சோதனையிலும் இதே குறை. கூம்புகளின் இடம் முன்பே தெரியும். எங்கே திரும்புவது என்ற கேள்வியே எழாது. அதில் நேராக ஓட வேண்டிய தூரம் 9.14 மீட்டர், கைப்பந்துக் களத்தில் ஓர் அணியின் பாதியே 9 மீட்டர்தான். நேர் ஓட்டத்தை 5 மீட்டராகவும் பக்க நகர்வை 2.5 மீட்டராகவும் சுருக்கிய வடிவம் இந்த ஆட்டத்துக்குப் பொருந்துகிறது. நடுக்கூம்பை நெருங்கும்போது எதிரே நிற்பவர் வலக்கையையோ இடக்கையையோ உயர்த்த, அந்தப் பக்கம் திரும்பச் சொன்னால், ஓட்டப் பயிற்சியாக இருந்தது உண்மையான சுறுசுறுப்புச் சோதனையாகிவிடும். எந்தக் கை என்பதை முன்கூட்டியே சீட்டுக் குலுக்கி எழுதிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கை உயர்த்துபவரின் பழக்கத்தைப் பிள்ளைகள் நாலாவது முறையிலேயே கண்டுகொள்வார்கள்.

நிறுத்துக் கடிகாரத்தால் அளந்தால் அதைப் பிடித்திருப்பவரின் எதிர்வினை நேரமும் கணக்கில் கலந்துவிடும். நொடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசியில் ஒரு படத்துக்கு நாலு மில்லி நொடிதான். கை உயர்ந்த படத்திலிருந்து கால் திரும்பிய படம்வரை எண்ணினால் போதும். நொடிக்கு 30 படம் எடுப்பதில் 33 மில்லி நொடி இடைவெளி விழுவதால் அது உதவாது.

தேர்வாய் கண்டிகை சிப்காட் தொழிற்பூங்காவைச் சூழ்ந்த கும்மிடிப்பூண்டி வட்டாரம் போன்ற பகுதிகளில், மண் தரையில் ஆடும் பிள்ளைகளை அளக்கும்போது தரையும் ஓர் அளவாகிவிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் ஊறிய மண்ணில் கால் வழுக்கும். அப்போது எடுத்த நேரத்தைக் கோடையின் இறுகிய தரையில் எடுத்ததோடு ஒப்பிட்டு, பயிற்சி பலித்தது என்று எழுதுவது பிழை. வளர்ச்சியும் குறுக்கிடும். உயரம் மிக வேகமாகக் கூடுவது பெண் பிள்ளைகளுக்கு 12 வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டியும். அந்த மாதங்களில் கால் நீண்டு, உடல் இன்னும் அதற்குப் பழகாததால், திரும்பும் நேரம் சிலருக்குக் கூடவும் செய்யும். எனவே ஒவ்வொரு பதிவிலும் நேரத்தோடு அன்றைய உயரம், தரையின் ஈரம், வெறுங்காலா காலணியா என்பவையும் இடம்பெற வேண்டும்.