இல்லாமையும் வேண்டாமையும்

பந்திங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் எளிய வாழ்வை அறியாதவர் அல்லர். ஆனால், அவர்தம் எளிமை குறைந்த கூலியின் விளைவே அன்றி, அவர்களாகத் தேர்ந்துகொண்டது அன்று. இல்லாமை வேறு, வேண்டாமை வேறு. இவ்வேறுபாட்டைத் தம் வாழ்வால் விளக்கிய தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவர் உண்டு. அவரே ஜே. சி. குமரப்பா ஆவார்.

1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். இயற்பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னீலியஸ். இலண்டனில் கணக்காய்வுத் துறையில் தேர்ந்து, பம்பாயில் அத்தொழிலை நடத்தினார். நல்ல வருவாய், மேனாட்டு நடையுடை. பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியப் பல்கலைக் கழகத்தில் பொதுநிதியியல் பயின்றார். இந்திய மக்கள் ஏன் வறியராயினர் என்பதே அங்கு அவர் ஆராய்ந்த பொருள். அவ்வாராய்ச்சி அவருடைய பழைய எண்ணங்களை அசைத்துவிட்டது.

1929-ஆம் ஆண்டில் அவர் சபர்மதி சென்று காந்தியடிகளைக் கண்டார். மரத்தடியில் தரையிலமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார் அடிகள். மேனாட்டு உடையுடனேயே குமரப்பாவும் தரையில் அமர்ந்தார். அதன்பின் கதர் அணிந்தார். பழைய குடும்பப் பெயரான குமரப்பா என்பதையே தம் பெயராகக் கொண்டார். 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராகி, வார்தாவில் செக்கு, கைக்குத்தல் அரிசி, கையால் செய்த காகிதம் முதலியவற்றுக்காக உழைத்தார்.

அவர் துறந்தது கிறிஸ்துவை அன்று. கிறிஸ்துவின் பெயரால் வளர்ந்திருந்த ஆடம்பரத்தையே. சட்ட மறுப்பு கிறிஸ்தவத்துக்கு மாறானது என்று திருச்சபைப் பெரியோர் சிலர் கருதியபோது, அவர் அதனை ஏற்கவில்லை. 1942-க்குப் பின் ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது இரு நூல்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் போதனையைப் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. இரண்டுக்கும் காந்தியடிகள் முன்னுரை அளித்தார்.

அவர் கருத்தின் சாரம் யாது? ஆட்டைக் கொன்று தின்னும் புலி முதல், கைம்மாறு கருதாது குஞ்சைப் பேணும் தாய்ப்பறவை வரை பொருளாதாரத்தில் பல படிகள் உள. மனிதன் ஏறவேண்டியது தொண்டு என்னும் இறுதிப் படியே என்பதாம். ஒரு பொருளை வாங்குவோன் அப்பொருள் பிறந்த விதத்துக்கும் பொறுப்பாளி என்பார் அவர். கொக்கோவைக் கட்டாய உழைப்பால் விளைவித்திருந்தால், அதனைப் பருகுவோனுக்கும் அப்பாவத்தில் பங்குண்டு.

வாங்குவதைக் குறைத்தால் தொழிலாளி வேலையிழப்பானே என்று கேட்கலாம். அவ்வினா எளிதன்று. ஆயினும் குமரப்பா ஏழைக்கு வறுமையைப் போதிக்கவில்லை. கிராமத்தானுக்கு வேலையும் சத்துணவும் வேண்டும் என்றே வாதாடினார். அவர் குறைக்கச் சொன்னது உள்ளவனின் நுகர்ச்சியை. நிலச் சீர்திருத்தம் ஆராயக் காங்கிரஸ் அமைத்த குழுவுக்கும் அவர் தலைமை வகித்தார்.

இறுதிக் காலத்தில் மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில், காந்தி நிகேதனத்தில் எளிய குடிலில் வாழ்ந்து, 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், அடிகள் மறைந்த அதே தேதியில், உயிர் நீத்தார்.

அன்று இரப்பர் மரத்தடியில் தமிழர் நின்றனர். இன்று செம்பனைத் தோட்டங்களில் பெரும்பாலும் அயல்நாட்டுத் தொழிலாளர் நிற்கின்றனர். விலை மலிவானது என்று பொருளை எடுக்கும் கை, அவ்விலையை உண்மையில் செலுத்தியவர் யார் என்று எண்ணுதல் வேண்டும். தோட்டத்தில் பிறந்தோர் வழிவந்தவர்க்கு இவ்வினா அயலானதன்று.