வட்டக்கானல் பக்கத்துல ஒரு பாதரசக் கதை

1/ வட்டக்கானல் போயிருப்பீங்க. அங்க பாம்பார் சோலைனு ஒரு காடு இருக்கு. அதை ஒட்டின மேட்டுல ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது தெரியுமா? கர்ப்பிணிகள் உள்ள வீட்டுல எல்லாரும் படிக்க வேண்டிய வரலாறு இது. #த்ரெட்

2/ முதல்ல ஜப்பான், மினமாட்டா. 1956-ல விநோதமான நரம்பு நோய் வெளிய தெரிஞ்சது. சிஸ்ஸோ ஆலை கடல்ல விட்ட மெத்தில் பாதரசம், மீன் வழியா மக்கள் உடம்புக்குள்ள போயிருந்தது.

3/ அம்மாவுக்குப் பெரிய அறிகுறி இல்ல. ஆனா குழந்தை மூளை பாதிப்போட பிறந்தது. நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுத்துடும்னு மருத்துவர்கள் நம்பின காலம் அது. ஹராடா மசசூமி போன்ற மருத்துவர்கள் விடாம ஆராய்ஞ்சாங்க. 1962-ல இதுவும் மினமாட்டா நோய்தான்னு ஏத்துக்கிட்டாங்க.

4/ பின்னாடி சாட்சி சொன்னது எது தெரியுமா? தொப்புள்கொடி! நம்ம ஊர்ல தாயத்துல அடைச்சு வைப்போமே, அதே மாதிரி அங்கயும் காயவெச்சுப் பத்திரப்படுத்துவாங்க. அதுல பாதரசம் இருந்தது.

5/ இப்ப கொடைக்கானல். அமெரிக்காவுல இருந்து 1980-கள்ல இங்க வந்த பாண்ட்ஸ் தொழிற்சாலை, பின்னாடி இந்துஸ்தான் லீவர் கைக்குப் போச்சு. 2001 மார்ச்சுல மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு சிக்கியது. மக்கள் போராட, ஆலை மூடப்பட்டது. 2003-ல சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திரும்பிப் போச்சு.

6/ கருச்சிதைவு, சிறுநீரக பாதிப்பு, குழந்தைகளுக்குக் குறைபாடுனு தொழிலாளர்கள் சொன்னாங்க. ஆலையால உடல்நல பாதிப்பு இல்லைனு நிறுவனம் சொன்னது. 2016-ல 591 முன்னாள் தொழிலாளர்களோட உடன்படிக்கை ஆச்சு.

7/ ஏன் இவ்ளோ இழுபறி? மினமாட்டாவுல மீன். இங்க மூச்சுல போற பாதரச ஆவி. அதுவும் நஞ்சுக்கொடியைத் தாண்டும். ஆனா ரத்தத்துல பாதரசம் சில மாதத்துலயே குறைஞ்சிடும். வருஷம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா ஒண்ணும் தெரியாது. அந்த நேரத்துல எழுதி வெச்ச பதிவுதான் சாட்சி.

8/ அதனால கர்ப்பம்னு தெரிஞ்ச முதல் செக்கப்லயே சொல்லுங்க: நீங்க என்ன வேலை பாக்குறீங்க, வீட்டுக்காரர் என்ன வேலை பாக்குறார், பூச்சிமருந்து, ஈயம், பாதரசம் புழங்குதா. வேலைத்துணியில ஒட்டிக்கிட்டு அது வீட்டுக்கும் வரும். டாக்டர் கேக்கலைன்னாலும் சொல்லி, கர்ப்பகால அட்டையில எழுதச் சொல்லுங்க. ரெண்டு வரி போதும்.