லாரி வாங்கப் போறீங்களா? விலை பேசுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

ஸ்டியரிங் பிடிக்கும் டிரைவர்கள் பலருக்கும் இருக்கும் கனவு, 'சொந்தமா ஒரு வண்டி'. நாமக்கல், சங்ககிரி பக்கம் இன்று நாலைந்து லாரி வைத்திருக்கும் ஓனர்களில் டிரைவராக இருந்து வந்தவர்களும் உண்டு. தவணை கட்ட முடியாமல் வண்டியை பைனான்ஸில் ஒப்படைத்துவிட்டு, மறுபடி அடுத்தவர் வண்டியை ஓட்டப் போனவர்களும் உண்டு.

வாங்கும் நேரத்தில் எல்லோரும் அடித்துப் பேசுவது விலையைத்தான். ஆனால் பிறகு கையைக் கடிப்பது பெரும்பாலும் பேப்பரும் வட்டியும். அதனால் எதை, எந்த வரிசையில் பார்க்கணும்னு தெரிஞ்சுக்கலாம்.

புதுசா, பழசா, லீஸா?

சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. புது வண்டியின் விலை இறங்கினால் பழைய வண்டியின் விலையும் இறங்கணும். 'நான் வாங்கினப்போ இவ்வளவு ஆச்சு' என்று பழைய விலையைச் சொல்பவரிடம், அதே ரக புது வண்டியின் இன்றைய விலையைக் காட்டிப் பேசலாம்.

புது வண்டி என்றால் சேசிஸ் விலையோடு கணக்கை முடிச்சிடாதீங்க. பாடி கட்டும் செலவு தனி. பாடி பட்டறையில் வண்டி நிற்கும் நாட்களில் வருமானம் இருக்காது. ஆனால் தவணைத் தேதி வந்துவிடும். முதல் தவணை எந்தத் தேதியில் என்பதைக் கடன் வாங்கும்போதே பேசி முடிவு பண்ணுங்க.

லீஸ், அதாவது மாத வாடகைக்கு வண்டி எடுப்பது, ஒரே கம்பெனிக்கு நிரந்தரமாக லோடு ஓட்டுபவர்களுக்குப் பொருந்தும். டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வாடகைக்குள் வருதா, பாதியில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கட்டணும், முடிவில் வண்டி யாருக்கு என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கணும்.

செகண்ட் ஹேண்ட் வண்டி: முதல்ல பேப்பர்

வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே பதிவு எண்ணை வாங்கி, எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்க. எஃப்.சி., இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது, கடன் பாக்கி குறிப்பு உண்டா என்பதை அதில் பார்க்கலாம். இ-சலான் தளத்தில் அபராத பாக்கியையும் பாருங்க. நாலு மாநிலம் ஓடிய வண்டிக்கு நாலு மாநிலத்திலும் அபராதம் இருக்கலாம். காலாண்டு வரி கட்டிய ரசீதையும் கேளுங்க.

அடுத்தது எஃப்.சி. எட்டு வயது வரை உள்ள வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதற்கு மேல் வருடா வருடமும் எடுக்கணும். எஃப்.சி. முடியப் போகிற வண்டி மலிவாக வந்தால், பெயிண்ட், டிங்கரிங், பிரேக் வேலை எல்லாம் உங்கள் தலையில் விழப் போகிறது என்று அர்த்தம். அந்தச் செலவை விலையில் கழிச்சுப் பேசுங்க.

ஆர்.சி.யில் பாசிங் வெயிட் எவ்வளவு என்பதும் முக்கியம். 2018 ஜூலையில் மத்திய அரசு எடை வரம்பைக் கூட்டியது. 10 சக்கர லாரிக்கு 25 டன்னாக இருந்த மொத்த எடை 28.5 டன் ஆனது. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வண்டிகளில், ஆர்.சி.யில் பழைய எடையே இருக்கிற வண்டி ஒவ்வொரு டிரிப்பிலும் குறைவாகத்தான் சம்பாதிக்கும்.

'மீதி தவணையை நீங்க கட்டுங்க' என்றால்?

கடன் முடியாத வண்டியை, ஆர்.சி.யும் லோனும் பழைய ஓனர் பெயரிலேயே இருக்க, ஒரு ஸ்டாம்ப் பேப்பரை மட்டும் நம்பி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். இதுதான் பெரிய ஆபத்து. நீங்கள் ஒழுங்காகத் தவணை கட்டினாலும் பைனான்ஸ் நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் யாரோ ஒருவர்தான். சிக்கல் வந்தால் வண்டியும் போகும், கட்டிய பணமும் போகும்.

சரியான வழி இதுதான். கடனை முடித்து பைனான்ஸ் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கணும். படிவம் 29, 30 மூலம் பெயர் மாற்றம் செய்யணும். வேறு மாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று, படிவம் 28-ம் தேவை.

விற்பவருக்கும் இதில் அக்கறை இருக்கணும். வண்டி கைமாறினாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வாங்கியவர், தன் வண்டியின் சேதத்துக்கான காப்பீட்டைத் தன் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்கணும்.

வண்டியில் என்ன பார்க்கணும்?

தெரிந்த மெக்கானிக்கோடு காலையிலேயே போங்க. இன்ஜின் சூடாகும் முன் ஸ்டார்ட் பண்ணினால்தான் உண்மை தெரியும். 'நீங்க வர்றீங்கன்னு ஸ்டார்ட் பண்ணி வெச்சேன்' என்றால் இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிடலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கும்போது புகை வேகமாகத் தள்ளினால் இன்ஜின் வேலை வரப் போகிறது. சேசிஸில் விரிசல், வெல்டிங் தழும்பு இருக்கா என்று அடியில் படுத்துப் பாருங்க. சேசிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்க. ஸ்டெப்னி உட்பட ஒவ்வொரு டயரையும் தனித்தனியாக எண்ணிப் பார்த்து, ரீட்ரெட் எத்தனை என்று குறிச்சுக்கோங்க.

'9 சதவீத வட்டி' உண்மையில் எவ்வளவு?

இங்கேதான் பெரிய தொகை போகிறது. 10 லட்சம் ரூபாய் கடன், 4 வருடம், 'வெறும் 9 சதவீதம்' என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது ஃபிளாட் வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 28,333 ரூபாய். மொத்த வட்டி 3.6 லட்சம்.

அதே 9 சதவீதம், அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் ரெட்யூசிங் முறையில் என்றால் தவணை சுமார் 24,885 ரூபாய்தான். மொத்த வட்டி 1.95 லட்சத்துக்குள் முடிந்துவிடும். வித்தியாசம் 1.65 லட்சம். அதாவது 9 சதவீத ஃபிளாட் என்பது, ரெட்யூசிங் கணக்கில் கிட்டத்தட்ட 16 சதவீதம். வண்டி விலையில் 50,000 ரூபாய் குறைத்து வாங்கிய சந்தோஷம் இதில் காணாமல் போய்விடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் 2024 அக்டோபர் 1 முதல் தரப்படும் புதிய தவணைக் கடன்களுக்கு, 'முக்கிய விவர அறிக்கை' தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கிகளும் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களும் இதற்குக் கட்டுப்பட்டவை. அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு சதவீதம் இருக்கும். எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த உண்மையான ஆண்டுச் செலவு அதுதான். இரண்டு மூன்று இடங்களில் கேட்டு, அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

சக்கரம் சுத்தாவிட்டாலும் செலவு

மேலே சொன்ன ஃபிளாட் தவணை 28,333 ரூபாய். 20 முதல் 40 டன் வரையிலான லாரிக்கு, 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீடு வருடத்துக்கு 43,950 ரூபாய், வரி தனி. நேஷனல் பெர்மிட் கட்டணம் வருடத்துக்கு 16,500. இந்த மூன்றையும் மாதக் கணக்காக்கினால் 33,370 ரூபாய். டீசல், டோல், டயர், டிரைவர் சம்பளம், படி, காலாண்டு வரி எதுவும் இதில் இல்லை. லோடு கிடைக்காமல் வண்டி நின்றாலும் இந்தப் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

அதனால் கையில் உள்ள மொத்தப் பணத்தையும் முன்பணமாகக் கட்டிடாதீங்க. மூன்று மாத நிலைச் செலவு, இந்தக் கணக்கில் சுமார் 1 லட்சம் ரூபாய், தனியாக இருக்கட்டும். ஒரு இன்ஜின் வேலையோ, லோடு இல்லாத ஒரு மாதமோ வந்தால் வண்டி உங்களிடமே நிற்பதற்கு அதுதான் பிடிமானம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் 5 கேள்விகள்

1. ஆர்.சி.யில் யார் பெயர்? கடன் குறிப்பு நீக்கப்பட்டதா?
2. எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ், வரி எதுவரை இருக்கு?
3. அபராத பாக்கியைக் கட்டுவது யார்? அது எழுத்தில் இருக்கா?
4. வட்டி ஃபிளாட்டா, ரெட்யூசிங்கா? ஏ.பி.ஆர். எவ்வளவு?
5. மாதம் எத்தனை டிரிப் ஓடினால் தவணைக்குக் கட்டுப்படியாகும்? அத்தனை லோடு தர ஆள் இருக்கா?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் தெரியாதவரை, எவ்வளவு மலிவாக வந்தாலும் அந்த வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க.